செம்பனைக்கு 5.3 வந்தது தவறில்லை

வணக்கம் அண்ணா. படிவம் நான்கில் படிக்கும் உங்கள் மகள் இலைப்பரப்புக் குறியீட்டைக் கணக்கிட்டதில் செம்பனைக்கு (எண்ணெய்ப்பனைக்கு) 5.3, ரப்பருக்கு 1 வந்ததாக எழுதியிருந்தீர்கள். தரையைவிட இலை ஐந்து மடங்கா என்று ஆசிரியர் திருப்பி அனுப்பிவிட்டாராம். தயவுசெய்து அந்த எண்ணை மாற்ற வேண்டாம். ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேல் அடுக்கடுக்காக உள்ள எல்லா இலைகளின் ஒருபக்கப் பரப்பைத்தான் கூட்டுகிறோம். அது 1-ஐத் தாண்டுவது இயல்பு.

ஒரு மட்டையின் ஓலைகளை அளந்தால் சுமார் 9 சதுர மீட்டர் என்று வையுங்கள். மரத்தில் 40 மட்டை என்றால் 360. மலேசியாவில் நம் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களைப் போல் ஹெக்டருக்கு 148 மரம் நட்டால், ஒரு மரத்துக்கு 67.6 சதுர மீட்டர் நிலம். வகுத்துப் பாருங்கள், 5.3 வரும். சும்மா வந்த எண் அல்ல.

உலக அளவிலும் இது பொருந்துகிறது. பாலைவனச் செடிகளுக்குச் சராசரி 1-ஐ ஒட்டியும், துந்திரா என்னும் மரமற்ற குளிர்நிலத்திலும் புல்வெளியிலும் 2-ஐ ஒட்டியும், வெப்பமண்டல மழைக்காட்டில் 5-ஐ ஒட்டியும் இருக்கிறது. மிதவெப்ப நாடுகளின் ஊசியிலைக் காடுகள் சில மழைக்காட்டையே மிஞ்சுகின்றன என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

மகள் ரப்பரை எப்போது அளந்தார்? பிப்ரவரி, மார்ச்சில் மரம் இலை உதிர்த்து நிற்கும்; அப்போது அளந்திருந்தால் 1 வந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். புதுத்தளிர் முற்றிய பிறகு, ஜூனில், அதே வரிசையை மறுபடி அளக்கச் சொல்லுங்கள். இரண்டு எண்களையும் தேதியோடு அறிக்கையில் சேர்க்கட்டும்.