பூட்டிய அலமாரியும் பச்சைச் சேமியாவும்

கேள்வி: என் அம்மாவுக்கு 63 வயது, சர்க்கரை நோய் உண்டு. அப்பா தவறிய பிறகு, ஒன்றரை ஆண்டாக எங்களோடு இருக்கிறார். இரவு 2 மணிக்கு எழுந்து பிஸ்கட், மிக்சர் என்று கைக்குக் கிடைப்பதையெல்லாம் தின்கிறார். கண்டித்தால் அழுகிறார், மறுநாளும் அதையே செய்கிறார். மளிகை அலமாரியைப் பூட்டி, சாவியை மனைவியின் கைப்பையில் வைத்திருக்கிறோம். போன வாரம் வெளியே இருந்த சேமியாவைப் பச்சையாகவே தின்றிருக்கிறார். இது போதையா, நாக்கைக் கட்டத் தெரியாத குணமா? எப்படி நிறுத்துவது? (கோவை வாசகர்)

பதில்: தம்பி, இந்தக் குறையோடு எனக்கு எத்தனையோ கடிதங்கள் வந்திருக்கின்றன. ஆனால் சாவியைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. உங்கள் மனைவி வெளியே கிளம்பினால் சாவியும் கூடவே கிளம்புகிறது. உங்களுக்குச் சோறூட்டி வளர்த்தவர் ஒரு பிடி பொட்டுக்கடலை வேண்டுமென்றாலும் மருமகள் வீடு திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். இதை ஒரு வீட்டு ஏற்பாடுபோல எழுதியிருக்கிறீர்கள். நான் இதைப் பெற்றவளை அவமதிப்பது என்றே சொல்வேன்.

மானத்தைவிட முதலில் உயிரைப் பற்றிப் பேச வேண்டும். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர் இரவில் அரைகுறையாகச் சாப்பிட்டுப் படுத்தால், நடுநிசியில் ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடக்கூடும். அப்போது உடல் வியர்க்கும், கை நடுங்கும், எதையாவது வாயில் போட்டே தீரவேண்டும் என்ற அகோரப் பசி எழும். அம்மா என்ன மாத்திரை போடுகிறார், இரவு என்ன சாப்பிடுகிறார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. அவர் எழுந்து நிற்கும் அந்த 2 மணிக்கு ஒருமுறையாவது விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தீர்களா? பார்க்காமலே பூட்டினீர்கள் என்றால், நீங்கள் மருந்தையே பூட்டி வைத்திருக்கக்கூடும்.

சர்க்கரை இறங்கவில்லை என்று தெரிந்தால், அந்தப் பச்சைச் சேமியாவை யோசித்துப் பாருங்கள். அதில் என்ன ருசி இருக்கிறது? நாக்குக்கு அடிமையானவர் அதைத் தின்னமாட்டார். ருசித்து மகிழ்வதும், வேண்டும் வேண்டும் என்று தவிப்பதும் மூளையில் தனித்தனி வேலைகள் என்பதை மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ் பல ஆண்டு ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். தவிப்பைத் தூண்டும் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் அற்றுப்போன எலியின் வாயில் இனிப்பை வைத்தால் அது சப்புக்கொட்டி ரசிக்கும். ஆனால் பக்கத்தில் இருக்கும் உணவைத் தேடிப்போகாமல் பட்டினி கிடக்கும். உங்கள் அம்மாவிடம் இதன் தலைகீழ் நிலையைப் பார்க்கிறேன். தவிப்பு இருக்கிறது, மகிழ்ச்சி இல்லை.

கண்டித்தும் பயனில்லை என்று நீங்கள் சலித்துக்கொள்வதற்கும் மூளையிலேயே விடை இருக்கிறது. 2010-இல் பால் ஜான்சன், பால் கென்னி என்ற இரு ஆய்வாளர்கள் பன்றி இறைச்சியும் சீஸ் கேக்கும் நாள் முழுவதும் தின்னக் கிடைத்த எலிகளைச் சோதித்தார்கள். மின்னதிர்ச்சி வரப்போகிறது என்று பழக்கியிருந்த விளக்கு எரிந்ததும் மற்ற எலிகள் உண்பதை நிறுத்தின. இவை அஞ்சாமல் தின்றுகொண்டே இருந்தன. அவற்றின் மூளையில் டோபமைனை ஏற்கும் டி2 ஏற்பிகள் குறைந்திருந்தன. தண்டனைக்கு அஞ்சும் கட்டத்தைக் கடந்துவிட்ட மூளையிடம் உங்கள் கண்டிப்பு என்ன செய்யும்? கூச்சத்தைத்தான் கூட்டும், கூச்சம் அவரை மறுபடியும் இருட்டுச் சமையலறைக்கே அனுப்பும்.

போதையா என்று கேட்டீர்கள். உணவுப் போதை என்ற பெயரில் தனி நோயை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு ஏற்கவில்லை. ஆனால் கட்டுப்பாடின்றி ஒரே மூச்சில் அளவுக்கு மீறி உண்ணும் கோளாறு, வாரத்துக்கு ஒருமுறையாவது மூன்று மாதம் நீடித்தால் சிகிச்சைக்குரிய நோய் என்று 2013-இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பு சொல்கிறது. குணத்தைப் பழிக்கும் பேச்சை இத்தோடு விடுங்கள். இந்த வாரமே சர்க்கரை மருத்துவரிடமும், அடுத்து மனநல மருத்துவரிடமும் அழைத்துப் போங்கள்.

பூட்டைக் கழற்றினால் மிக்சர் தீர்ந்துவிடுமே என்பீர்கள். மிக்சரை வீட்டுக்குள் கொண்டுவருவது யார்? 2019-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரைத் தங்கவைத்துச் சோதித்தபோது, ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவு கிடைத்த இரு வாரங்களில் அதே ஆட்கள், பதப்படுத்தாத உணவு உண்ட இரு வாரங்களைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டார்கள். இளம் வயதினரே அப்படி உண்ணும்போது, துணையை இழந்து தூக்கம் கெட்ட ஒரு பெண் மட்டும் அதன் எதிரில் வைராக்கியமாக இருக்க வேண்டுமா? உங்கள் பிள்ளைகள் உட்பட ஒருவருக்கும் அதை வாங்காதீர்கள். ஒருவருக்கு மட்டும் விலக்கி, மற்றவர் கொறிப்பதைப் பார்க்கவிடும் குடும்பத்தை நான் குடும்பமாக மதிப்பதில்லை. இரவு எட்டு மணிக்கு அம்மாவுக்குத் தட்டு வைத்து, அருகில் உட்கார்ந்து, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை நீங்கள் எழுந்திருக்காதீர்கள்.

சாவியை இன்று மாலையே வாங்கி அம்மாவின் கையில் கொடுங்கள். அதை மனைவியின் கையால் கொடுக்க வைக்காதீர்கள். பூட்டச் சொன்னவர் நீங்கள்.