பெடியன் டிபென்ஸ் விளையாடட்டும், வீட்டை அடமானம் வைக்காதீர்கள்

போன மாதம் ஸ்காபரோவிலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் ஆலோசனை கேட்டு வந்தது. அப்பா, அம்மா, பதினைந்து வயது மகன், கூடவே அம்மாவின் தமையன். மகன் டிரிபிள் ஏ எனப்படும் மேல்மட்டச் சிறுவர் ஐஸ் ஹொக்கி அணியொன்றில் டிபென்ஸ், அதாவது பின்களத் தடுப்பாட்டம், விளையாடுகிறான். பத்தாம் வகுப்பு, கணிதத்தில் எண்பதுக்கு மேல் எடுக்கிறான். அப்பாவின் திட்டம், வீட்டின் மேல் இன்னொரு கடன் எடுத்து, ஆண்டுக்கு ஐம்பதாயிரம் டொலர் கேட்கும் ஹொக்கி அகாடமி ஒன்றில் அவனைச் சேர்ப்பது. மாமாவின் திட்டம், ஸ்டிக்கைக் கராஜுக்குள் எறிந்துவிட்டு லைஃப் சயன்ஸ், பிறகு மெடிசின். அம்மா என்னிடம், "அண்ணை, நீங்களே ஒரு முடிவு சொல்லுங்கோ. வீட்டில ஒருத்தரோட ஒருத்தர் கதைச்சு ஒரு மாசம்" என்றார்.

முதல் பத்து நிமிடம் நானும் வழக்கம்போல ஆறுதல்தான் சொன்னேன். நல்ல பிள்ளை, இன்னும் காலம் இருக்கிறது, யோசிக்காதீர்கள் என்றெல்லாம். பிறகு நிறுத்திவிட்டேன். மேசைக்கு இந்தப் பக்கம் அகாடமியின் பளபளப்பான புத்தகம், அந்தப் பக்கம் மாமாவின் மெடிசின். நடுவில் இருந்த பிள்ளையிடம் யாரும் ஒரு கேள்வியும் கேட்டிருக்கவில்லை.

நான் கேட்டேன். "ஏன் தம்பி டிபென்ஸ்? கோல் அடிக்கிறவனுக்குத்தானே கைதட்டு?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "பக்கை எடுத்துத் திரும்பினா முழு ஐஸும் எனக்கு முன்னால தெரியும்" என்றான். பக் என்பது ஹொக்கியில் பந்துக்குப் பதிலாக அடிக்கும் ரப்பர் வட்டு. அந்தப் பதிலுக்குப் பிறகு மாமாவின் திட்டத்தை நான் ஆதரிக்க வழியே இல்லை.

ஆனால் அப்பாவின் கனவையும் கொஞ்சம் தரையில் இறக்க வேண்டியிருந்தது. வட அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை லீக்கான என்எச்எல்லில் 32 அணிகள். ஓர் ஆட்டத்தில் ஓர் அணி வழக்கமாக ஆறு டிபென்ஸ்மன்களை இறக்கும். உலகம் முழுவதிலும் இருந்து 192 இடங்கள், அவ்வளவுதான். அங்கே போய்ச் சேர்ந்தால் 2025-26 பருவத்தில் குறைந்தபட்சச் சம்பளமே 775,000 அமெரிக்க டொலர். இரண்டு படி கீழே உள்ள தொழில்முறை லீக்கான ஈசிஎச்எல்லில் சம்பளம் வாரக் கணக்கில், அதுவும் பருவம் நடக்கும் மாதங்களுக்கு மட்டும், நூறுகளில்தான் வரும். தங்க இடம் அணி கொடுக்கும். பயணம் பஸ்ஸில்.

வேலையும் சுகமான வேலை இல்லை. எதிரணி பக்கை மூலைக்கு அடித்துவிடும். நீங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு அதை எடுக்க ஓட வேண்டும், பின்னால் நூறு கிலோ ஆள் ஒருவன் வேகமாக வருவது காதில் கேட்கும். தோளுக்கு மேலே ஒரு தடவை பார்த்துவிட்டு, பக் கைக்கு வருமுன்பே அடுத்த பாஸ் எங்கே என்று தீர்மானித்திருக்க வேண்டும். அப்புறம் எதிரணி கோலை நோக்கி அடிக்கிற பக்கைக் காலால், வயிற்றால் மறிப்பது. 170 கிராம் கெட்டி ரப்பர் அது. சிகாகோவின் டங்கன் கீத் 2010 பிளேஓஃப்பில் வாயில் பக் பட்டு ஏழு பல்லை இழந்துவிட்டு, அதே ஆட்டத்தில் திரும்பி வந்து விளையாடினார். அணியின் முதல் டிபென்ஸ் ஜோடியில் இருப்பவர் ஒரு நாளைக்கு இருபத்தைந்து நிமிடம் வரை ஐஸில் நிற்பார், ஒரு தடவைக்கு முக்கால் நிமிடம் போல. இவ்வளவும் செய்து, வர்ணனையாளர் அவர் பெயரைச் சொல்லாமலே ஆட்டம் முடிந்தால் அது நல்ல நாள். ஒரு தொலைபேசி அழைப்பில் ஊர் மாறும். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் நடுவில் மாறும்.

அப்பா என்னைப் பார்த்து, "அப்ப நீங்களும் விடச் சொல்றீங்களோ?" என்றார்.

இல்லை. அவசரப்படாதீர்கள் என்கிறேன். டிபென்ஸ் என்பது மெதுவாகப் பழுக்கும் இடம். கோல் அடிப்பவனுக்குப் பதினெட்டில் தெரிவது, டிபென்ஸ்மனுக்குப் பல வேளை இருபத்துமூன்று, இருபத்துநான்கில்தான் தெரியும். என்எச்எல்லின் சிறந்த டிபென்ஸ்மனுக்கான நொரிஸ் விருதை ஏழு தடவை வாங்கிய நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோம், அணிகள் இளம் ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் வருடாந்தத் தெரிவில் 1989 இல் 53 ஆவதாகத்தான் தெரிவுசெய்யப்பட்டார். கீத் 54 ஆவது. 1,680 ஆட்டம் ஆடிய ஸ்டேனோ ஹாரா 56 ஆவது. நம்முடைய ரொறன்ரோப் பெடியன் பி.கே. சுப்பன் 43. இன்னொரு ரொறன்ரோக்காரர் மார்க் ஜியோர்டானோவை ஒருவருமே தெரிவுசெய்யவில்லை. யோர்க் பல்கலைக்கழகத்தில் வணிகம் படிக்கப் போக இருந்தவரை 2004 இல் என்எச்எல் அணியான கல்கரி ஃபிளேம்ஸ் முகாமுக்குக் கூப்பிட்டது. நடுவில் ஒரு பருவம் மொஸ்கோவுக்கும் போய் விளையாடிவிட்டு வந்தார். நொரிஸ் விருது அவருக்குக் கிடைத்தது 2019 இல், முப்பத்தைந்து வயதில். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு "இப்ப இல்லாட்டி எப்பவும் இல்லை" என்று சொல்லி ஐம்பதாயிரம் கேட்பவர் ஹொக்கி சொல்லித்தரவில்லை, பயத்தை விற்கிறார்.

கணக்கைப் பாருங்கள். மூன்று வருடம் அகாடமி என்றால் ஒன்றரை லட்சம் டொலர். ஒன்ராறியோவில் உள்ளூர் மாணவருக்குச் சாதாரண கலை, விஞ்ஞானப் பட்டக் கட்டணம் ஆண்டுக்கு ஆறாயிரம் டொலர் அளவில்தான். டிரிபிள் ஏ அணிக்கே வருடம் பத்தாயிரத்துக்கு மேல் போகிறது என்று அப்பா சொன்னார். அதுவே தாங்கும் எல்லை. அடமானம் வேண்டாம். இதில் நான் இறங்கிவர மாட்டேன் என்று நேராகவே சொன்னேன்.

ஒன்ராறியோவின் ஜூனியர் லீக்கான ஒஎச்எல்லுக்கான தெரிவு பற்றியும், அமெரிக்கக் கல்லூரி பற்றியும் ரிங்க் வாசலில் கோப்பியோடு நிற்கும் எந்த அப்பாவும் ஒரு மணித்தியாலம் பேசுவார், நான் பேசவில்லை. 2025 ஓகஸ்டிலிருந்து ஒஎச்எல்லில் ஆடியவரும் அமெரிக்கக் கல்லூரி அணியில் சேரலாம் என்று விதி மாறியதை மட்டும் நினைவில் வையுங்கள். யாரும் பேசாத வழி ஒன்று இருக்கிறது: கனடாப் பல்கலைக்கழக ஹொக்கி. யூ ஸ்போர்ட்ஸ் என்பார்கள்.

அது இப்படித்தான் நடக்கிறது. ஒஎச்எல் போன்ற ஜூனியர் லீக்கில் ஆடும் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு வருடப் படிப்புச் செலவை, கட்டணம், புத்தகம் உட்பட, அந்த அணி கொடுக்க வேண்டும். மூன்று பருவம் ஆடினால் மூன்று வருடப் படிப்பு. தொழில்முறை அணி கூப்பிடாமல் இருபது, இருபத்தொரு வயதில் ஜூனியர் முடிந்து வீட்டுக்கு வரும் பிள்ளை, அந்தக் காசோடு பல்கலைக்கழகத்துக்குப் போகிறான். ஐந்து வருடம் வரை அங்கே ஆடலாம். ஆட்டங்கள் பெரும்பாலும் வெள்ளி, சனி. மற்ற நாட்களில் வகுப்பு, பயிற்சி, ஜிம். ஜூனியரில் 68 ஆட்டத்துக்கு ஓடித் திரிந்த உடம்புக்கு இங்கேதான் தசை ஏற நேரம் கிடைக்கும். எதிரே வருபவர்களும் இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயது ஆட்கள், பாதிக்கு மேல் பழைய ஜூனியர்காரர்கள். சின்ன லீக் என்று நினைக்காதீர்கள். நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழக அணி 2023-24 இல் ஆடிய 43 ஆட்டத்தையும் வென்று, இங்கே ரொறன்ரோவிலேயே கிண்ணத்தைத் தூக்கியது.

ஜோயல் வார்ட் இந்த வழியில் போனவர். பார்படோஸிலிருந்து வந்த பெற்றோருக்கு இங்கே ரொறன்ரோவில் பிறந்த பிள்ளை. முன்கள ஆட்டக்காரர். ஒஎச்எல்லில் ஓவன் சவுண்ட் அணிக்கு நான்கு பருவம் ஆடியும் என்எச்எல் அணி எதுவும் எடுக்கவில்லை. பிரின்ஸ் எட்வர்ட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் படித்துக்கொண்டே ஆடினார். அதன்பிறகு போய் என்எச்எல்லில் 700 ஆட்டத்துக்கு மேல் ஆடினார்.

மாமாவுக்கென்று ஒரு டிபென்ஸ்மனை வைத்திருந்தேன். ராண்டி கிரெக். அல்பெர்ட்டா பல்கலைக்கழக அணிக்கு ஆடிக்கொண்டே மருத்துவப் பட்டம் எடுத்தவர். 1980 ஒலிம்பிக்கில் கனடா அணிக்குத் தலைவர். பிறகு ஜப்பானில் ஆடினார். 1984 முதல் 1990 வரை எட்மன்ரன் ஒயிலர்ஸ் வென்ற ஐந்து ஸ்டான்லி கிண்ணத்திலும், அதாவது என்எச்எல் சாம்பியன் கிண்ணத்திலும், அவர் இருந்தார். ஓய்வுக்குப் பிறகு விளையாட்டு மருத்துவர். மாமா கொஞ்ச நேரம் கைபேசியில் தேடிவிட்டு, "உண்மைதான்" என்றார். அவரைப் போல வா என்று எந்தப் பிள்ளைக்கும் நான் சொல்ல மாட்டேன். அப்படி ஒருவர் வருவது அபூர்வம். ஆனால் "டொக்டரா, ஹொக்கியா" என்று பதினைந்து வயதில் ஒரு கதவைச் சாத்துவது யாருடைய அவசரம் என்று கேட்டேன். பெடியனுக்கு உயிரியல் பிடிக்கவே பிடிக்காது. அதையும் அவனே அன்றைக்குத்தான் சொன்னான்.

ஜூனியர் அணியோடு செய்யும் ஒப்பந்தம் பற்றி ஒரு சொல். படிப்புக் காசு எப்போது காலாவதியாகும், தொழில்முறை ஒப்பந்தம் எடுத்தால் என்ன ஆகும் என்ற வரிகளை வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். தெரிந்த வழக்கறிஞர் ஒருவருக்கு முந்நூறு டொலர் கொடுத்து வாசிப்பியுங்கள். அகாடமிக்குக் கொடுக்க நினைத்த காசில் இது ஒரு தூசு.

தலை அடியிலும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. 2015 இல் முப்பத்தைந்து வயதில் இறந்த டிபென்ஸ்மன் ஸ்டீவ் மொன்டடோரின் மூளையில், தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதோடு தொடர்புடைய சிடிஇ என்ற நோய் இருந்தது பிறகு தெரியவந்தது. ஒன்ராறியோவில் 2018 இல் ரோவன் சட்டம் வந்தது. தலையில் அடிபட்டிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே பிள்ளையை ஐஸிலிருந்து இறக்க வேண்டும். பயிற்சியாளர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், இறுதி ஆட்டமாக இருந்தாலும் சரி. இதை அப்பாவுக்கு இரண்டு தடவை சொன்னேன்.

அம்மாவுக்கு வேறு கவலை. ஜூனியர் என்றால் பதினாறில் வேறு ஊர், வேறு குடும்பத்தின் வீடு. "சோறு கறிக்கு என்ன செய்வான்?" சிரிப்பாக இருக்கலாம், ஆனால் அது சரியான கேள்விதான். தனியாக இருக்க முடியாத பிள்ளைக்கு எந்த லீக்கும் சரிவராது. வரும் கோடையில் இரண்டு வாரம் ஒரு முகாமுக்கு விட்டுப் பாருங்கள். அழுதுகொண்டு போன் எடுக்கிறானா, உடுப்பைத் தானே தோய்க்கிறானா என்று தெரிந்துவிடும்.

அவர்களுக்கு ஒரு வீட்டுவேலை கொடுத்து அனுப்பினேன். பழைய மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் கட்டடத்தின் மேல்தளத்தில்தான் ரொறன்ரோ மெட்ரோபொலிற்றன் பல்கலைக்கழக அணி ஆடுகிறது. கீழே பலசரக்குக் கடை. ஒரு வெள்ளிக்கிழமை நான்கு பேரும் போங்கள், மாமாவும்தான். எங்கே இருப்பது என்பதைப் பெடியன் தீர்மானிக்கட்டும். டிபென்ஸ்மன்கள் பக்கை எடுக்க ஓடிவரும் மூலைக்குப் பக்கத்தில்தான் அவன் இடம் பிடிப்பான். ஆட்டம் நடக்கும்போது ஒன்றும் சொல்லிக்கொடுக்காதீர்கள். இடைவேளையில் கீழே போய் ஏதாவது வாங்கிக்கொண்டு வந்து, அந்த அணியின் டிபென்ஸ்மன்கள் என்னென்ன படிக்கிறார்கள் என்று கைபேசியில் பாருங்கள். அணிப் பட்டியலில் போட்டிருக்கும்.