லண்டன் ஹீத்ரோவிலிருந்து பாரிஸ் சார்ல் து கோல் எவ்வளவு தூரம், விமானத்தில் எவ்வளவு நேரம்?

நேர்கோட்டில் ஏறக்குறைய 350 கி.மீ. வானத்தில் இருப்பது முக்கால் மணி நேரத்தைச் சுற்றித்தான். ஆனால் டிக்கெட்டில் 1 மணி 15 அல்லது 20 நிமிடம் என்று இருக்கும். அது விமானம் இங்கே நிலையத்தின் ஏறும் வாசலைவிட்டுக் கிளம்பி மறுபக்க நிலையத்தின் வாசலில் நிற்கும்வரை உள்ள கணக்கு. ஹீத்ரோவில் ஓடுபாதை இரண்டே இரண்டு, எந்நேரமும் நெரிசல். வரிசையில் ஊர்ந்து போவதற்கே நிறைய நிமிடம் போய்விடும். திரும்பி வரும்போது, இறங்க முறை வரும்வரை வானத்திலேயே வட்டமடிக்க வைப்பதும் வழக்கம்.

கடிகாரத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பாரிஸ் ஒரு மணி நேரம் முந்தி. காலை 10 மணிக்குக் கிளம்பினால் அங்கே 12.20 காட்டும், பாரிஸில் 10 மணிக்கு ஏறினால் லண்டனில் 10.20தான்.

அப்புறம், இரண்டு விமான நிலையமும் ஊருக்கு வெளியே. சார்ல் து கோலிலிருந்து நகருக்குள் போக ரயிலிலேயே அரை மணிக்கு மேல். லண்டன் நகருக்குள்ளிருந்தே கிளம்புகிறீர்கள் என்றால், யூரோஸ்டார் ரயிலில் போங்கள் என்பேன்: லண்டனின் செயின்ட் பான்கிராஸ் ரயில் நிலையத்திலிருந்து பாரிஸ் நகருக்குள்ளேயே சுமார் 2 மணி 20 நிமிடம். ஹீத்ரோவில் வேறு விமானம் மாறுகிறவர்களுக்கு மட்டும் விமானம் சரி.