வயிற்றெரிவுக் குளிசைகள்: வாசகர் கேள்வியும் பதிலும்

போன இதழில் மூட்டுவலி மருந்துகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மூட்டைப் பற்றியே பேசவில்லை, வயிற்றைப் பற்றித்தான். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று எங்கிருந்து எழுதினாலும் எல்லாக் கடிதத்திலும் ஒமிப்ரசோல் என்ற, வயிற்று அமிலத்தைக் குறைக்கிற குளிசை இருக்கிறது, ஆனால் அதை எதற்காகப் போடுகிறார்கள் என்பது முக்கால்வாசியில் இல்லை. சரி, இந்த முறை முழுக்க இதுதான். ஊர்ப்பெயரை மட்டும் போட்டு ஆட்களின் பெயரை விட்டுவிட்டேன், கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கியும் இருக்கிறேன்.

கேள்வி: ஐயா, எனக்கு நாலைந்து வருடமாக நெஞ்செரிவு. எரியத் தொடங்கியதும், அநேகமாகச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு ஒமிப்ரசோல் போடுவேன். சில நாள் கேட்கும், சில நாள் கேட்காது. உடம்புக்கு மருந்து பழகிவிட்டதா? கூடின பவர் உள்ளதை வாங்கவா? (ஒட்டுசுட்டான், கமக்காரர்)

பதில்: பழகவில்லை அண்ணை, போடுகிற நேரம் பிழை. ஒமிப்ரசோல் வயிற்றுக்குள் போய் அங்கே கிடக்கிற அமிலத்தோடு சண்டை பிடிக்கிற மருந்து அல்ல. அது கேப்சூலுக்குள் இருந்து சிறுகுடலுக்குப் போய், அங்கே இரத்தத்தில் கலந்து, சுற்றிக்கொண்டு திரும்ப இரைப்பைச் சுவரில் உள்ள அமிலம் சுரக்கும் கலங்களுக்கு வந்து சேரவேண்டும். அந்தக் கலங்களில் அமிலத்தை இறைக்கிற பம்புகள் இருக்கின்றன, இந்த மருந்து வேலை செய்துகொண்டிருக்கிற பம்பை மட்டும்தான் பிடித்து நிறுத்தும். பம்பை ஓடவைப்பது சாப்பாடு. மருந்தோ இரத்தத்தில் அதிக நேரம் நிற்பதில்லை, ஒரு மணித்தியாலத்துக்குள் பாதி போய்விடும். ஆகவே காலைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலத்திலிருந்து ஒரு மணித்தியாலத்துக்கு முன்னர் போட்டால், நீங்கள் சாப்பிட்டுப் பம்புகள் ஓடத் தொடங்கும் நேரத்தில் மருந்து அங்கே காத்திருக்கும். சாப்பிட்ட பிறகு போட்டால் மருந்து வந்து சேரும்போது பம்புகள் ஓய்ந்துவிடும், ஓடாத மோட்டரை ஓடிப்போய் அணைத்த மாதிரி.

இன்னொன்று, முதல் குளிசையிலேயே முழுப் பலன் வராது, மூன்று முதல் ஐந்து நாள் தொடர்ந்து போட்டால்தான் வரும். எரியும்போது ஒன்று, எரியாவிட்டால் இல்லை என்று போடுவது இந்த மருந்துக்குச் சரிவராத பழக்கம். அந்த நேரத்து எரிவுக்கு, இருக்கிற அமிலத்தைத் தணிக்கிற அன்ராசிட் பாணியோ சப்பும் குளிசையோ போதும், சில நிமிடத்தில் கேட்கும். அமிலம் சுரப்பதைக் குறைக்கிற வேறு வகைக் குளிசையான பமோட்டிடின் ஒரு மணித்தியாலமளவில் கேட்கும். அப்புறம், கேப்சூலை உடைத்து உள்ளே இருக்கும் மணிகளை அரைத்து விழுங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த மணிகளின் மேற்பூச்சே அமிலத்திடமிருந்து மருந்தைக் காப்பதற்குத்தான், அரைத்தால் மருந்து இரைப்பையிலேயே அழிந்துவிடும்.

பவர் கூட்டுவதை விடுங்கள். 20 மில்லிகிராம் ஒன்றை, காலைச் சாப்பாட்டுக்கு முன்னர், தவறாமல் நாலு முதல் எட்டு வாரம் போட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டால் டொக்டரோடு கதைத்து நிறுத்தலாம், கேட்காவிட்டால் என்டோஸ்கொப்பி (வாய்வழியாகக் கமராக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது) தேவையா என்று கேட்கவேண்டிய கட்டம் அது. ஆனால் நிறுத்தும்போது ஒரு விசயம் தெரிந்திருக்கவேண்டும். மாதக்கணக்கில் அடக்கி வைத்த அமிலம் மருந்தை விட்டதும் சில வாரத்துக்கு முன்னையதைவிடக் கூடச் சுரக்கும், ஆள் பயந்து "எனக்கு இந்தக் குளிசை இல்லாமல் முடியாது" என்று திரும்பத் தொடங்கிவிடுவார். வருடக்கணக்கில் இது ஓடுவதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பது என் அபிப்பிராயம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று குறைத்து, இடையில் எரிந்தால் அன்ராசிட்டோடு சமாளித்தால் அந்த வாரங்களைக் கடந்துவிடலாம்.

எல்லாரும் நிறுத்தக்கூடாது என்பதையும் சொல்லவேண்டும். அல்சரில் இரத்தம் போனவர்கள், இதயத்துக்கு அஸ்பிரினோடு இன்னொரு இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தும் போடுபவர்கள், உணவுக்குழாயில் மாற்றம் இருப்பதாக என்டோஸ்கொப்பியில் கண்டவர்கள் தாங்களாக விடவே கூடாது. இதயத்துக்கு, இரத்தம் உறையாமல் தடுக்கும் குளோப்பிடோகிரல் போடுபவராக இருந்தால் ஒமிப்ரசோல் அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும், அதே வகையைச் சேர்ந்த பன்ரபிரசோலுக்கு மாற்றலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள். வருடக்கணக்கில் போடுபவர்களுக்குப் பி12, மக்னீசியம் குறையலாம், எலும்பு முறிவோடும் சிறுநீரகப் பாதிப்போடும் தொடர்பு சொல்லப்படுகிறது. இதைக் கேட்டுப் பயந்து தேவையான மருந்தை எறியவும் வேண்டாம், தேவையில்லாத மருந்தை வருடக்கணக்கில் விழுங்கவும் வேண்டாம்.

கேள்வி: அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி. பாமசியில் டைக்ளோபினாக்கும் கூடவே ஒமிப்ரசோலும் தருகிறார்கள். வயிறு எரிகிறது என்றால் "குளிசையை விட்டு ஊசி போடுங்கோ, வயிற்றுக்குப் பிரச்சினை வராது" என்கிறார்கள். சரியா? (முள்ளியவளை)

பதில்: பிழை. இந்தக் கதை ஊரெல்லாம் ஓடுகிறது. டைக்ளோபினாக், இபுபுரோபன், மெபனமிக் அசிட் எல்லாம் ஒரே கூட்டத்து வலிக்குளிசைகள். இவை வலியைக் குறைக்க உடம்பில் புரொஸ்டகிளாண்டின் என்ற பொருள் உருவாவதைத் தடுக்கின்றன. அதே பொருள்தான் இரைப்பையின் உட்சுவரில் சளிப்படலத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. இரத்தத்தின் வழியாகப் போய்ச் செய்கிற வேலை என்பதால் ஊசியாகப் போட்டாலும், மலவாசலில் வைத்தாலும் இரைப்பைக்குப் போகிற தாக்கம் ஒன்றுதான். சாப்பிட்டுவிட்டுப் போட்டால் அல்சர் வராது என்பதும் அப்படித்தான், எரிவு கொஞ்சம் குறையலாம், புண் வருவது நிற்காது. வயதானவர்களுக்கு ஒரு வலியும் இல்லாமல் புண் வந்து, முதல் அறிகுறியே இரத்தக்கசிவாக இருப்பதும் உண்டு.

கூடவே ஒமிப்ரசோல் தந்தது பிழையில்லை, நீண்ட நாள் வலிக்குளிசை போடவேண்டிய வயதானவருக்கு அது பாதுகாப்புத்தான். ஆனால் அது இரைப்பையை மட்டும்தான் காக்கும், சிறுநீரகத்தை அல்ல. நாங்கள் இருக்கிற இடத்தை நினைத்துப் பாருங்கள். வவுனியாவுக்குத் தெற்கே அனுராதபுரம், கிழக்கே பதவியா பக்கம் காரணம் சரியாகத் தெரியாத சிறுநீரக நோய் எத்தனை கமக்காரக் குடும்பங்களைப் பிடித்தது என்று தெரியும், வவுனியா மாவட்டத்திலும் நோயாளிகள் இருக்கிறார்கள். வெயிலில் தண்ணி குறைவாகக் குடித்து வேலை செய்கிற உடம்பில் டைக்ளோபினாக் வாரக்கணக்கில் போவது எனக்குச் சரியாகவே படவில்லை. அம்மாவுக்கு முதலில் பரசிற்றமோல், அதாவது எங்கள் வீடுகளில் பனடோல் என்கிறதை, சரியான அளவில் கொடுங்கள், முழங்காலுக்குப் பூசுகிற ஜெல் நல்லது. வலிக்குளிசை கட்டாயம் வேண்டுமென்றால் டொக்டர் இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் பார்த்துவிட்டுத் தரட்டும்.

அம்மாவுக்குத் தார் மாதிரிக் கறுத்து, ஒட்டி, நாறுகிற மலம் போனாலோ, கோப்பித்தூள் மாதிரி வாந்தி வந்தாலோ, எழும்பும்போது தலை சுற்றி விழப்பார்த்தாலோ விடியும்வரை காத்திருக்கவேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. இரும்புக் குளிசை போடுபவர்களுக்கும் மலம் கறுக்கும், அதனால் போடுகிற மருந்தெல்லாவற்றையும் பையோடு கொண்டுபோங்கள்.

கேள்வி: என்டோஸ்கொப்பி செய்து, வயிற்றில் கிருமி என்று மூன்று வகை மருந்து 14 நாளுக்குத் தந்தார்கள். வாயெல்லாம் கசப்பு. ஆறாம் நாள் எரிவு நின்றுவிட்டது, நானும் நிறுத்திவிட்டேன். மிச்சத்தை வைத்திருந்து திரும்ப எரிந்தால் போடலாமா? அதோடு, மருந்து போடும்போது கள்ளுக் குடிக்கலாமா? (விசுவமடு, ஓட்டோ ஓட்டுநர்)

பதில்: தம்பி, இரண்டுக்கும் இல்லை என்பதுதான் பதில், முதலாவதற்குக் கொஞ்சம் நீளமான இல்லை. அல்சர் கோபத்தாலும் யோசனையாலும் உறைப்பாலும் வருகிறது என்றுதான் டொக்டர்மாரே நீண்ட காலம் சொன்னார்கள். அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் ரொபின் வொறன் என்ற நோயியல் நிபுணர் இரைப்பைத் துண்டுகளில் வளைந்த கிருமி ஒன்றைத் தொடர்ந்து கண்டார், இளம் டொக்டர் பரி மார்ஷல் அவரோடு சேர்ந்து 1982இல் அதை வளர்த்தெடுத்தார். ஒருவரும் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்து, சில நாளில் வாந்தியும் இரைப்பை அழற்சியும் வரவழைத்துக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. அந்த ஹெலிகோபக்ரர் பைலோரிதான் உங்களுக்கும் இருப்பது. இந்தக் கிருமி தெரியவருவதற்கு முன்னர் அமிலத்தைக் குறைக்கிற குளிசை போட்டுப் புண் ஆறி, விட்டதும் திரும்ப வந்து, கடைசியில் ஒப்பரேசனில் முடிந்தவர்கள் ஏராளம். இப்போது இரண்டு வாரத்தில் முடிகிற காரியம் இது, நீங்கள் ஆறாம் நாளில் விட்டிருக்கிறீர்கள்.

எரிவு நின்றது அமிலம் குறைந்ததால்தான், அதைக் கிருமி செத்ததால் என்று எடுத்துக்கொள்ளவேண்டாம். அரைகுறையாகத் தப்பிய கிருமி அந்த அன்ரிபயோற்றிக்குக்கு அடங்காததாக மாறலாம். ஆகவே மிச்சத்தைப் போடாமல் திரும்ப அதே கிளினிக்குக்குப் போய் நடந்ததைச் சொல்லுங்கள், ஏச்சு வாங்கினாலும் பரவாயில்லை, வேறு சேர்மானத்தில் தருவார்கள். பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் முதலே சொல்லவேண்டும், ஏனென்றால் இந்தச் சேர்மானத்தில் வழக்கமாக வருகிற அமொக்சிசிலின் அந்தக் குடும்பம். கசப்பு கிளாரித்ரோமைசினாலோ மெற்றோனிடசோலாலோ வருவது, மருந்து முடிந்ததும் போய்விடும். மெற்றோனிடசோல் போடும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தியும் நெஞ்சுப் படபடப்பும் வரலாம் என்று மருந்தோடு எழுதியே இருக்கும், முடிந்து மூன்று நாள் வரைக்கும் கள்ளும் வேண்டாம், வேறெதுவும் வேண்டாம். சிகரெட்டும் புண் ஆறுவதைப் பிந்தவைக்கும், கேட்காத கேள்வி என்றாலும் சொல்லிவைக்கிறேன்.

முடித்து நாலு வாரத்துக்குப் பிறகு மூச்சுப் பரிசோதனையாலோ மலப் பரிசோதனையாலோ கிருமி போய்விட்டதா என்று பார்க்கவேண்டும், அதற்கு இரண்டு வாரத்துக்கு முன்னர் ஒமிப்ரசோலை நிறுத்தியிருக்கவேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டும். புண் முன்சிறுகுடலிலா இரைப்பையிலா என்று அறிக்கையில் பாருங்கள். இரைப்பையில் என்றால் ஆறிவிட்டதா என்று இன்னொரு தடவை என்டோஸ்கொப்பி செய்யச் சொல்வார்கள், புற்றுநோய் இல்லை என்று உறுதிப்படுத்தத்தான், அதைத் தவறவிடவேண்டாம்.

கேள்வி: எலிக்காய்ச்சலுக்கு முன்காப்பு என்று பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வயல் வேலைக்காரருக்குக் கிழமைக்கு ஒருமுறை டொக்சிசைக்கிளின் என்ற அன்ரிபயோற்றிக் தந்தார். இரவில் போட்டுவிட்டுப் படுத்தேன், அடுத்த நாள் தொடக்கம் சோறு விழுங்கவே நெஞ்சுக்குள் வெட்டுகிறது. கஸ்ரைற்றிஸ் (இரைப்பை அழற்சி) என்று நினைத்து அன்ராசிட்டோடு சேர்த்துப் போடலாமா? (நெடுங்கேணி)

பதில்: இது கஸ்ரைற்றிஸ் மாதிரித் தெரியவில்லை. டொக்சிசைக்கிளின் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தையே புண்ணாக்கிவிடும், ஒரு மிடறு தண்ணியோடு விழுங்கிவிட்டு உடனே படுத்தால் அதுதான் நடக்கும். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் ஆறும், ஆனால் தண்ணிகூட இறங்காவிட்டால் போய்க் காட்டுங்கள். அடுத்த குளிசைக்கு முன்னர் பி.எச்.ஐ.யிடமோ டொக்டரிடமோ இதைச் சொல்லிக் கேளுங்கள். இனிப் போடுபவர்கள் பகலில், சாப்பாட்டோடு, ஒரு பெரிய கிளாஸ் தண்ணியோடு விழுங்கி, அரை மணித்தியாலமாவது படுக்காமல் இருக்கவேண்டும். அன்ராசிட்டை இதோடு சேர்க்கவே கூடாது, அதிலுள்ள அலுமினியமும் மக்னீசியமும் டொக்சிசைக்கிளினைப் பிடித்து வைத்துக்கொள்ளும், எலிக்காய்ச்சல் காப்பு வீணாகும். பாலும் இரும்புக் குளிசையும் அப்படித்தான். இரண்டு மூன்று மணித்தியாலம் தள்ளிப் போடுங்கள். எரிகிறது என்று எலிக்காய்ச்சல் குளிசையையே விட்டுவிட்டுச் சேற்றில் இறங்குவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து.

கேள்வி: மனைவிக்கு ஏழு மாதம். இரவு படுத்தால் புளிச்சேப்பமும் எரிவும், நித்திரையே இல்லை. ஏதும் போடலாமா? (பரந்தன்)

பதில்: போடலாம். முதலில் அல்ஜினேற் கலந்த பாணி, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் படுக்கும்போதும். அது சாப்பாட்டின் மேல் மிதந்து மேலே வருவதைத் தடுக்கும், குழந்தைக்குப் பிரச்சினையில்லை. கிளினிக்கில் தருகிற இரும்புக் குளிசைக்கும் இதற்கும் இரண்டு மணித்தியாலம் இடைவெளி விடுங்கள். அதற்கும் கேட்காவிட்டால் ஒமிப்ரசோலும் கர்ப்பகாலத்தில் டொக்டர் சொல்லித் தருகிற மருந்துதான். அப்பச்சோடா கரைத்துக் குடிப்பது வேண்டாம், உப்பு கூடும். இரவுச் சாப்பாட்டைப் படுக்க மூன்று மணித்தியாலம் முன்னரே முடித்து, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே கல் வைத்து அரையடி உயர்த்திவிடுங்கள், தலையணையை அடுக்கினால் வயிறு மடிந்து இன்னும் கூடும். இடப்பக்கம் சரிந்து படுக்கச் சொல்லுங்கள். தலையிடியும் கண் மங்கலும் மேல்வயிற்று வலியும் சேர்ந்து வந்தால் அது எரிவு அல்ல, பிரசர் பார்க்கவேண்டும், உடனே.

கேள்வி: வீட்டில் வயிற்றெரிவுக்கு வாங்கின ரனிற்றிடின் குளிசை மிச்சம் இருக்கிறது, போடலாமா? (மாங்குளம்)

பதில்: எறியுங்கள். அதில் என்.டி.எம்.ஏ. என்ற, புற்றுநோய் வரவைக்கக்கூடிய பொருள் உருவாவதாகக் கண்டு, 2020 ஏப்ரலில் அமெரிக்க மருந்து நிர்வாகம் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது. அதே வேலைக்குப் பமோட்டிடின் இருக்கிறது.

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது, சீனி வருத்தம். போன கிழமை இரவு நெஞ்சு எரிந்து வேர்த்துக் கொட்டியது, வாய்வு என்று சோடா கொடுத்தோம், ஒரு மணித்தியாலத்தில் குறைந்தது. இனி ஒமிப்ரசோல் தொடங்கவா? (செட்டிகுளம்)

பதில்: தொடங்கமுதல் ஈசீஜி. சீனி உள்ளவருக்கு மாரடைப்பு வலியாக வராமல் எரிவாக, வியர்வையாக, களைப்பாக வரலாம், தானாகக் குறைந்தது நல்ல சகுனம் என்று எடுக்கமுடியாது. இதை வாசித்த அன்றே கூட்டிக்கொண்டு போங்கள். திரும்ப வந்தால் மோட்டார்சைக்கிளில் ஏற்றாமல் 1990 என்ற இலக்கத்துக்கு ஃபோன் அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

கேள்வி: பால் குடித்தால் அல்சர் ஆறுமா? மணத்தக்காளிக் கீரை? (பூநகரி)

பதில்: பால் குடித்தவுடன் சுகமாக இருக்கும், பிறகு அதுவே அமிலத்தைக் கூடச் சுரக்கவைக்கும், மருந்தாக நினைத்து மணிக்கொருதரம் குடிக்கவேண்டாம். கீரையைச் சொதி வைத்துத் தாராளமாகச் சாப்பிடுங்கள், குளிசையை மட்டும் அதற்காக விடாதீர்கள்.