ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் நுரையீரலில் அழற்சி வருமா?

மாத்திரை ஆரம்பித்து ஒன்பது நாளில் காய்ச்சலும் இருமலும் வந்ததாக எழுதி, இப்படிக் கேட்டிருக்கிறீர்கள். வரும். அபூர்வம்தான், ஆனால் என் அம்மாவுக்கு வந்தது.

அவருக்கு அடிக்கடி சிறுநீர்த் தொற்று. அது திரும்ப வராமலிருக்க நைட்ரோஃபியூரான்டாயின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரையை ராத்திரிக்கு ஒன்றாகப் போட்டு வந்தார். எட்டாவது மாதம் வறட்டு இருமல் தொடங்கியது. அப்புறம் மாடி ஏறும்போது பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார். வயசாகிவிட்டது என்று அவரே சொல்ல, நாங்களும் நம்பிவிட்டோம். இருமல் டானிக், அலர்ஜி மாத்திரை, இதயத்துக்கு எக்கோ என்று இரண்டு மாதம் ஓடியது.

கடைசியில் நுரையீரல் மருத்துவரிடம் போனோம். முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தவர், வெல்க்ரோ பட்டையைப் பிரிக்கிற மாதிரி சத்தம் கேட்கிறது என்றார். விரலில் ஆக்சிமீட்டரை மாட்டி நடக்கவிட்டார். உட்கார்ந்திருந்தபோது ஆக்சிஜன் அளவு 96, நடந்து திரும்பியபோது 88. "தினமும் என்னென்ன மாத்திரை போடுறீங்கம்மா?" அம்மா பிரஷர் மாத்திரையைச் சொன்னார், தைராய்டு மாத்திரையைச் சொன்னார், இதைச் சொல்லவில்லை. "அது யூரினுக்குத்தானே!" நான் பையைத் துழாவி அட்டையை எடுத்து நீட்டினேன். அன்றே நிறுத்தச் சொன்னார்.

சி.டி. ஸ்கேனிலும் அழற்சி தெரிந்தது. சில மாதம் ஸ்டீராய்டு கொடுத்தார்கள். இருமல் போய்விட்டது, நுரையீரலின் அடிப்பகுதியில் கொஞ்சம் தழும்பு மட்டும் தங்கிவிட்டது.

உங்களுக்கு ஒன்பது நாளிலேயே வந்திருக்கிறது. நீங்கள் போடுவதும் அதே மருந்து என்றால், இது இன்னொரு வகை. முதல் ஓரிரு வாரத்திலேயே காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சுத்திணறல் என்று திடீரென வரும். ரத்தத்தில் ஈசினோபில் என்ற வகை வெள்ளை அணுக்கள் கூடியிருக்கலாம். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் சீக்கிரம் சரியாகிவிடும். சிக்கல் என்னவென்றால், பார்க்க நிமோனியா மாதிரியே இருக்கும். அதற்கென்று இன்னொரு ஆன்டிபயாட்டிக் சேரும், காரணமான மாத்திரையும் கூடவே ஓடிக்கொண்டிருக்கும். டாப்டோமைசின், மினோசைக்ளின் போன்ற வேறு ஆன்டிபயாட்டிக்குகளும் இப்படிச் செய்வதுண்டு. சாதாரண நிமோனியாவாகவும் இருக்கலாம், அதனால் நீங்களே முடிவு கட்டாதீர்கள். அடுத்த வேளை மாத்திரைக்கு முன்னால் மருத்துவரைக் கூப்பிட்டு, எந்தத் தேதியில் ஆரம்பித்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மூச்சு வாங்கினால் ஃபோனில் பேசிக்கொண்டிருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

மருந்துதான் காரணம் என்று உறுதியானால் அதை மறுபடி தொடக்கூடாது. அடுத்த முறை இன்னும் வேகமாக வரலாம். அம்மா இப்போது அந்தப் பெயரை ஒரு சீட்டில் எழுதி மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்திருக்கிறார். பல் டாக்டரிடம் போனால்கூட முதலில் அதைத்தான் எடுத்து நீட்டுகிறார்.