உதகையில் உறைபனிக் காலத்தில் எதை விதைக்கலாம்?

உறைபனி என்பது, மேகமற்ற இரவில் தரை தன் வெப்பத்தை வானுக்கு இழந்து குளிரும்போது, காற்றிலுள்ள ஈரம் புல்லிலும் இலையிலும் வெண்மையாக உறைந்து படிவதாகும். குளிர்ந்த காற்று கனமானது. மழைநீர் பள்ளத்தில் தேங்குவதுபோல், அது சரிவில் இறங்கித் தாழ்வான வயலில் தங்கிவிடுவதால், மார்கழி, தை மாதங்களில் பள்ளத்து உருளைக்கிழங்குச் செடி ஒரே இரவில் கருக, மேட்டுச் செடி தப்பிவிடுகிறது.

ஆகவே மேட்டுப் பாத்தியில் கேரட் விதைக்கலாம், முட்டைக்கோஸுக்கு நாற்றங்கால் போடலாம், பீன்ஸ் பொறுத்திருக்கட்டும். பாசன வசதியுள்ளோர் ஜனவரி, பிப்ரவரியில் உருளைக்கிழங்கு நடுவர். அதற்கு முன்பே விதைக்கிழங்கை வெளிச்சத்தில் பரப்பித் தடித்த, குட்டையான முளைகளை வரவைப்பது நல்லது. இருட்டில் வெளுத்து நீண்ட முளை கை பட்டாலே ஒடியும்.

குளிர்காற்று வீசும் இரவில்தான் பயிர் கருகும் என்று பலர் எண்ணுகின்றனர்; உண்மையில், காற்று அசையாமல் விண்மீன்கள் தெளிவாகத் தெரியும் இரவே ஆபத்தானது.