முகாமுக்கு முன்னால்: பெற்றோர் கேள்விகளும் பதில்களும்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது. ராமநகரா, பீமேஸ்வரி, குடகு, தாண்டேலி என்று பெங்களூர்ப் பிள்ளைகள் சாகச முகாமுக்குக் கிளம்பும் நேரம். இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி அதைப் பற்றித்தான். ஒரே கேள்வியை நாலைந்து பேர் கேட்டிருந்தால் ஒன்றாக்கிவிட்டேன்.

பத்து வயதுப் பையன். வரும் சனிக்கிழமை ராமநகராவில் ஐந்து நாள் முகாம் ஆரம்பம். நல்ல டிரெக்கிங் ஷூ எது வாங்கலாம்? (ராமமூர்த்தி நகர்)

எதையும் வாங்காதீர்கள். சனிக்கிழமை முகாம் என்றால் ஷூ வாங்கும் நேரம் போய்விட்டது. புது ஷூ காலோடு பழக இரண்டு மூன்று வாரமாவது ஆகும். அதற்குள் பாறையில் ஏறினால் முதல் நாள் மதியமே குதிகால் சிவக்கும், மாலையில் கொப்புளம், மறுநாள் மற்றவர்கள் ஏறும்போது உங்கள் பையன் டெண்டில் உட்கார்ந்திருப்பான். தினமும் போட்டுக்கொண்டு ஓடும் ஸ்போர்ட்ஸ் ஷூவின் அடி தேயாமல் இருந்தால் அதுவே போதும். சாக்ஸ் மட்டும் நாலைந்து ஜோடி வையுங்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு கால் நகங்களை வெட்டிவிடுங்கள். இறக்கத்தில் விரல்கள் ஷூவின் முன்பக்கம் போய் முட்டிக்கொண்டே இருக்கும். நகம் நீளமாக இருந்தால் அடியில் ரத்தம் கட்டிக் கறுத்துவிடும்.

பெங்களூருக்குப் பக்கத்தில் நல்ல முகாம் ஒன்று சொல்லுங்கள். (ஊர் எழுதவில்லை)

ஊர் மட்டுமா எழுதவில்லை? பிள்ளைக்கு என்ன வயது, நீச்சல் தெரியுமா, இதற்கு முன் ஒரு ராத்திரியாவது உங்களை விட்டுத் தூங்கியிருக்கிறதா, ஒன்றுமே இல்லை. இப்படிக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. முகாம்களின் பெயரை நான் சிபாரிசு செய்வதும் இல்லை. பணம் கட்டும் முன் நீங்களே போனில் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது.

பாறையேற்றம் கற்றுத்தருபவர் உத்தரகாசி, டார்ஜிலிங், மணாலி மாதிரி மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தில் படித்தவரா? அடிப்படைப் பயிற்சியோடு நின்றவரா, பிறருக்குக் கற்பிக்கும் பயிற்சியும் முடித்தவரா? ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பிள்ளைகள்? எட்டுக்கு மேல் என்றால் நான் அனுப்ப மாட்டேன். ஹெல்மெட், ஹார்னெஸ் (உடம்பைக் கயிற்றோடு பிணைக்கும் பட்டை) எல்லாவற்றிலும் சி.இ. அல்லது யு.ஐ.ஏ.ஏ. என்ற பாதுகாப்புத் தர முத்திரை உண்டா? சின்னப் பிள்ளைகளுக்கு இடுப்பு இன்னும் சரியாக அமைந்திருக்காது. அவர்களுக்கு உடம்பு முழுக்கப் பிடிக்கும் ஹார்னெஸ் வைத்திருக்கிறார்களா? காடு என்றால் வனத்துறை அனுமதி கையில் இருக்கிறதா? ராத்திரி வண்டியும் டிரைவரும் முகாமிலேயே தங்குகிறார்களா? பெண் பிள்ளைகளோடு பெண் பயிற்றுநர் தங்குகிறாரா? பெரியவர் யாரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது என்ற விதி உண்டா? கடைசிக் கேள்விக்கு முகம் சுளித்தால் அங்கே அனுப்பவே அனுப்பாதீர்கள்.

மகளுக்கு ஒன்பது வயது. குளிர்காலத்தில் மட்டும் வீசிங் வரும், இன்ஹேலர் இருக்கிறது. குடகில் முகாம். படிவத்தில் எழுதினால் சேர்க்க மாட்டார்கள் என்று தோழி சொல்கிறார். எழுதாமல் விட்டுவிடலாமா? (ஜீவன் பீமா நகர்)

கூடாது. கூடவே கூடாது.

இதே கேள்வி வேறு வேறு உருவத்தில் வந்திருக்கிறது. வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் பையன், படுக்கையை நனைக்கும் பையன், வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பெண். எல்லோருக்கும் சேர்த்துக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

குளிர்காலத்தில் மட்டும் வரும் என்பது உங்கள் வீட்டுக் கணக்கு. முகாமில் விடியற்காலைக் குளிர் உண்டு, விறகுப் புகை உண்டு, பழைய டெண்டின் தூசி உண்டு, நாள் முழுக்க ஓட்டம் உண்டு. வீசிங்கைக் கிளப்ப இதற்குமேல் என்ன வேண்டும்?

நான் பயிற்றுநராகப் போன ஒரு முகாமில் ராத்திரிச் சாப்பாடு முடிந்து தீ மூட்டிப் பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் மட்டும் வட்டத்தை விட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டே போனான். கிட்டே போய்ப் பார்த்தேன். முட்டியில் கையை ஊன்றிக் குனிந்து உட்கார்ந்திருந்தான். தோள் இரண்டும் ஏறி இறங்கின, மூச்சுக்கு மூச்சு கழுத்துக்குழி உள்ளே இழுத்தது. நாலு வார்த்தை சேர்த்துப் பேச முடியவில்லை. படிவத்தை எடுத்துப் பார்த்தால் ஆஸ்துமா: இல்லை. ஒவ்வாமை: இல்லை. தினசரி மருந்து: இல்லை. இன்ஹேலர் வைத்திருக்கிறாயா என்று கேட்டேன், தலையைக் குனிந்துகொண்டான். இரண்டு மூன்று முறை கேட்ட பிறகுதான், "யாருக்கும் காட்டக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க" என்றான். பையின் அடியில், துண்டுக்குள் சுருட்டி வைத்திருந்தது. மருந்து உள்ளே போனதும் மூச்சு கொஞ்சம் அடங்கியது. அந்த ராத்திரியே மருத்துவமனைக்கும் கூட்டிக்கொண்டு போனோம், பிழைத்தான். மூச்சு முட்டும்போதுகூட அம்மாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது அந்தப் பிள்ளை. அப்படி ஒரு பாரத்தைச் சின்னப் பிள்ளை தலையில் ஏற்ற எந்தப் பெற்றோருக்கும் உரிமை கிடையாது.

எழுதினால் என்ன நடக்கும் என்று கேளுங்கள். வீசிங் என்று தெரிந்தால் தீயின் புகை வராத பக்கம் உட்காரவைப்போம், ஒரு இன்ஹேலர் எப்போதும் பயிற்றுநர் இடுப்புப் பையில் இருக்கும். படுக்கையை நனைக்கும் பிள்ளை என்றால் ராத்திரி பதினொரு மணிக்குச் சத்தமில்லாமல் எழுப்பி அழைத்துப் போவோம், மற்ற பிள்ளைகளுக்கு மூச்சுகூட விட மாட்டோம். வேர்க்கடலை ஆகாது என்றால் சமையற்காரரிடம் முதல் நாளே சொல்லிவிடுவோம். இந்த ஊர் சித்ரான்னத்திலும் அவலக்கியிலும் வேர்க்கடலை போடாமல் அவர்களுக்குக் கை வராது, சொன்னால்தான் உண்டு. வலிப்பு என்றால் தண்ணீர் விளையாட்டும் உயரத்தில் கயிறு ஏறுவதும் வேண்டுமா என்று உங்கள் மருத்துவரோடு பேசி முடிவெடுப்போம். தண்ணீரில் வலிப்பு வந்தால் லைஃப் ஜாக்கெட் மட்டும் காப்பாற்றிவிடும் என்று நம்ப முடியாது. இதை மறைப்பது பிள்ளையின் உயிரோடு விளையாடுவது.

நல்ல முகாம் இதற்காகப் பிள்ளையை வேண்டாம் என்று சொல்லாது, மருத்துவர் கடிதம் கேட்கும். கேட்ட உடனே வேண்டாம் என்கிற முகாமுக்கு உங்கள் மகளைப் பார்த்துக்கொள்ளத் தெரியாது என்று அர்த்தம். அங்கே இடம் கிடைக்காமல் போனதே நல்லது.

நீங்கள் செய்ய வேண்டியது: இரண்டு வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். இன்ஹேலர் இரண்டு, ஒன்று மகளிடம், ஒன்று பயிற்றுநரிடம். இரண்டுக்கும் ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டி மருந்தை இழுக்கும் குழாய்). உள்ளே மருந்து மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். படிவத்தில் மருந்தின் பெயரையும் அளவையும் எழுதுங்கள், "ப்ளூ கலர் பம்ப்" என்று எழுதாதீர்கள். முக்கியமாக, மூச்சு சரியில்லை என்றால் உடனே சொல்ல வேண்டும், சொன்னால் யாரும் திட்ட மாட்டார்கள் என்று மகளிடம் உங்கள் வாயால் சொல்லி அனுப்புங்கள்.

வெயிலுக்காக ஓ.ஆர்.எஸ். டெட்ரா பேக் ஒரு டஜன் வாங்கி வைத்திருக்கிறேன். தினம் இரண்டு குடிக்கச் சொல்லலாமா? (எச்.எஸ்.ஆர். லேஅவுட்)

முதலில் அட்டையைப் படியுங்கள். ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டுக்கொண்டு வந்தவற்றில் பல வெறும் சர்க்கரைத் தண்ணீர். உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் இல்லாத பானம் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. பழைய சரக்கு வீட்டில் இருந்தால் விட்டுவிடுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் பவுடர் பாக்கெட்தான் சரி. பெரிய பாக்கெட் முழுசாக ஒரு லிட்டர் தண்ணீரில், ஒரு டம்ளருக்கு ஒரு சிட்டிகை என்று கிள்ளிப் போடக் கூடாது. கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கவும் கூடாது. வாந்தி, பேதி, அளவுக்கு மீறி வியர்த்துச் சோர்வது, இதற்குத்தான் அது. சும்மா தினம் இரண்டு வேண்டாம். தண்ணீர், நீர்மோர், உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ் போதும். மூத்திரம் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் பத்தவில்லை என்று பிள்ளைக்கே பார்க்கக் கற்றுக்கொடுங்கள்.

அபார்ட்மென்ட் நீச்சல் குளத்தில் மகன் நன்றாக நீந்துவான். காவிரியில் பரிசலுக்கும் லைஃப் ஜாக்கெட் வேண்டுமா? (சர்ஜாபூர் ரோடு)

வேண்டும். குளத்தில் இழுப்பு கிடையாது, சுழல் கிடையாது, தரை தெரியும். சங்கமத்திலும் மேகேதாட்டிலும் மேலே அமைதியாகத் தெரியும் தண்ணீருக்கு அடியில் பாறைக் குழிகளும் சுழலும் இருக்கின்றன. அங்கே மூழ்கியவர்களில் நீச்சல் தெரிந்தவர்களும் உண்டு. ஜாக்கெட் அளவு சரியா என்று பார்க்க, எல்லாக் கொக்கியும் மாட்டியபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்குங்கள். காதுவரை ஏறினால் அது பெரியவர்கள் அளவு. பிள்ளைக்கான அளவில் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரில் இறங்கக் கூடாது. இதைப் பிள்ளைக்கும் சொல்லிவையுங்கள், அங்கே நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

மணாலி முகாம். பன்னிரண்டு வயது. மலை உயரத்தில் வரும் தலைவலி, குமட்டலுக்கான டயமாக்ஸ் மாத்திரை கொடுத்து அனுப்பலாமா? (ஒயிட்ஃபீல்டு)

நீங்களாகக் கொடுக்காதீர்கள். மணாலி ஏறத்தாழ 2,000 மீட்டர், அங்கேயே இருப்பதற்குத் தேவையில்லை. அதற்கு மேல் எந்த உயரத்தில் படுக்கிறார்கள் என்று கேளுங்கள். 3,000 மீட்டருக்கு மேல், படுக்கும் இடத்தை ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தினால் அவசரப்படுகிறார்கள் என்று அர்த்தம். தலைவலி, குமட்டல் வந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும், கூடினால் கீழே இறங்க வேண்டும், மாத்திரை போட்டுக்கொண்டு மேலே ஏறுவது கிடையாது. சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் மருத்துவரிடம் முதல் பேச்சு அதுதான். அப்புறம், படிவத்திலும் எழுதுங்கள்.

சாகரா பக்கம் ஹொன்னேமரடுவில் முகாம். "மங்கன காயிலே" (கன்னடத்தில் குரங்குக் காய்ச்சல்) என்று பயமுறுத்துகிறார்கள். போகலாமா? (அல்சூர்)

பயமுறுத்தல் இல்லை, உண்மை. குரங்குக் காய்ச்சல் 1957-இல் அந்த சிவமொக்கா மாவட்டத்து கியாசனூர் காட்டில்தான் முதலில் கண்டறியப்பட்டது. காட்டு உண்ணி கடிப்பதால் வருகிறது, டிசம்பர் தொடங்கி மே வரை அதன் காலம். அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த வருடம் நோயாளிகள் உண்டா என்று முகாம்காரர்கள் கேட்டுச் சொல்ல வேண்டும். உண்டு என்றால் அடுத்த வருடம் போகட்டும்.

போவதாக இருந்தால் முழுக்கைச் சட்டை, முழு பேன்ட், பேன்ட்டின் நுனி சாக்ஸுக்குள். அங்கே சுகாதாரத் துறை தரும், உண்ணியை விரட்டும் டெபா எண்ணெயைக் கைகாலில் தடவ வேண்டும். சருகில் உட்காரக் கூடாது. தினம் சாயந்திரம் அக்குள், தொடை இடுக்கு, காதின் பின்பக்கம், தலை எல்லாம் பார்க்க வேண்டும். உண்ணி ஒட்டியிருந்தால் தோலை ஒட்டிச் சிறு இடுக்கியால் பிடித்து நேராக இழுங்கள். தீக்குச்சி, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். திரும்பி வந்து பத்துப் பன்னிரண்டு நாளுக்குள் காய்ச்சல் வந்தால், எந்தக் காட்டுக்குப் போனார்கள் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். பெங்களூரில் அவராகக் கேட்க மாட்டார்.

மகளுக்கு பதினொன்று. இன்னும் வயதுக்கு வரவில்லை. முகாமில் வந்துவிட்டால்? (ஃப்ரேசர் டவுன்)

வரலாம். அதனால் இப்போதே அவளிடம் பேசுங்கள். நாப்கின் எப்படி வைப்பது என்று வீட்டில் ஒரு முறை செய்து பார்க்கட்டும். நாலு நாப்கின், இரண்டு கூடுதல் உள்ளாடை, காகிதம், மூடக்கூடிய கவர், எல்லாம் ஒரு சின்னப் பையில். காட்டில் எறியக் கூடாது, கவரில் போட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும். எந்த அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று முதல் நாளே காட்டச் சொல்லுங்கள். ஏறுவதும் நீந்துவதும் அவள் இஷ்டம், யாரும் தடுக்கத் தேவையில்லை.

அழுதால் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சரிதானே? (விவேக் நகர்)

சரியில்லை. அப்படிச் சொன்னால் முதல் ராத்திரியிலிருந்தே அதையேதான் நினைத்துக்கொண்டிருப்பான். "உன்னால் முடியும், அங்கே அண்ணா அக்கா இருக்காங்க" என்று மட்டும் சொல்லுங்கள். கிளம்புவதற்கு முன் பாட்டி வீட்டிலோ சித்தி வீட்டிலோ நீங்கள் இல்லாமல் இரண்டு ராத்திரி தூங்கட்டும். ஏக்கம் பெரும்பாலும் இரண்டாம் நாள் ராத்திரி வரும், பிறகு தணியும். தினம் போன் பேசினால் தணியாது.

எங்கள் பையன் தயிர்சாதம் தவிர எதுவும் சாப்பிட மாட்டான். (ஹெப்பால்)

சாப்பிடுவான். மலையேறி வந்த பிள்ளை உப்பிட்டுக்கு இரண்டாவது தட்டு கேட்கும்.

பை எவ்வளவு கனம் இருக்கலாம்? (எலக்ட்ரானிக் சிட்டி)

பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஏழில் ஒரு பங்கு. 30 கிலோ பிள்ளைக்கு 3 முதல் 4 கிலோ. கனமானது முதுகை ஒட்டி இருக்கட்டும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. பையைப் பிள்ளையே கட்டட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். நீங்கள் கட்டிய பையில் எது எங்கே என்று அதற்குத் தெரியாது. இருட்டில் டார்ச்சைத் தேடி எல்லாவற்றையும் வெளியே கொட்டும். புது ஷூவும் வேண்டாம், மேலே சொன்னதுதான்.

மே மாதம்தானே, ரெயின்கோட் எதற்கு? (ஓசூர்)

மே மாதம் என்பதால்தான். மதியத்துக்கு மேல் இடியோடு மாங்காய் மழை வரும். ரெயின்கோட்டோ பாஞ்சோவோ பையின் மேல் பக்கம் இருக்கட்டும். இடிச் சத்தம் கேட்டால் பாறை உச்சியிலிருந்து உடனே இறங்க வேண்டும், தனி மரத்தடியில் ஒதுங்கக் கூடாது, கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் ஆகும்வரை மறுபடி ஏறக் கூடாது. பயிற்றுநர் மறந்தாலும் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.